பிஞ்சுக் கையின் கட்டைவிரல்

(அறவாரியத்தின் நன்கொடையாளர் ஒன்றுகூடலில் மருத்துவ உதவிக் குழுவின் சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

மருத்துவ உதவிக் குழுவின் பணிகளைப் பற்றிப் பேசுமாறு தலைவர் என்னைப் பணித்தார். இரத்தச் சுத்திகரிப்புக்கு நாம் செய்யும் உதவி பற்றியும் கண் சிகிச்சை பற்றியும் சென்ற ஆண்டுகளில் பலர் பேசிவிட்டார்கள். கணக்கு விவரங்களைப் பொருளாளர் எனக்குப் பின்னர் வாசிப்பார். ஆகவே இன்று நான் ஒரே ஒரு விரலைப் பற்றிப் பேச உங்கள் அனுமதியை வேண்டுகிறேன். குழந்தைகளின் கட்டைவிரல்.

வியாழக்கிழமைகளில் தட்சிணாமூர்த்திக்குக் கொண்டைக்கடலை மாலை சாத்துகிறோம். அடுத்த முறை அவருடைய வலக் கையைச் சற்று உற்றுப் பாருங்கள். கட்டைவிரல் நுனியும் சுட்டுவிரல் நுனியும் தொட்டுக்கொண்டிருக்கும். அதைச் சின்முத்திரை என்கிறோம். அதன் தத்துவப் பொருளை அறிந்தவர்கள் இந்த அவையில் இருக்கிறார்கள். நான் அதற்குள் போகவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவன் நான். என் கண்ணுக்கு அது பென்சில் பிடிக்கும் கை. சட்டைப் பொத்தான் போடும் கை. சோற்றைப் பிசைந்து கவளமாக உருட்டி வாயில் தள்ளும் கை. கட்டைவிரல் மற்ற விரல்களுக்கு எதிரே வந்து நின்றால்தான் கைக்குப் பிடி உண்டு. கையின் மொத்த வேலையில் ஏறத்தாழ 40 விழுக்காடு கட்டைவிரலுடையது என்பது கை அறுவை மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. வில்லாளி ஏகலைவனிடம் குருதட்சிணையாகக் கேட்கப்பட்டது எந்த விரல் என்பது உங்களுக்குத் தெரியும். நம் தாத்தா பாட்டிகள் தோட்டத்தில் சம்பளம் வாங்கியதும் அந்த விரலை மையில் ஒற்றித்தான். இன்றைக்கு நம் மைகார்டுக்குள் பதிவாகியிருப்பதும் இரண்டு கட்டைவிரல் ரேகைகளே.

அந்த விரலில் குறையோடு சில குழந்தைகள் இருக்கிறார்கள். நம் குழுவிடம் வரும்போது பெற்றோர் முதலில் கேட்பது மருத்துவச் செலவை அல்ல. “என்ன பாவம் செய்தோம்?” என்றுதான் கேட்கிறார்கள்.

அதற்கான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். குழந்தையின் கையில் குறை என்றால் வீட்டில் உடனே தாயைத்தான் பார்க்கிறார்கள். கிரகணத்தன்று வெளியே போனாள், அரிவாள்மனையைத் தொட்டாள், மாசமாக இருந்தபோது எதையோ நறுக்கினாள் என்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். பெருமக்களே, கருவில் கை ஒரு சிறு மொட்டாக முளைப்பது நான்காவது வாரத்தில். எட்டாவது வாரம் முடிவதற்குள் ஐந்து விரல்களும் தனித்தனியே பிரிந்து உருவாகிவிடுகின்றன. தான் கருவுற்றிருப்பது உறுதியாகத் தெரிந்து பல பெண்கள் கிளினிக்கில் பதிவு செய்வதே அந்த நேரத்தில்தான். ஏழாம் மாதத்தில் வந்த கிரகணம் இரண்டாம் மாதத்திலேயே முடிந்துபோன வேலையை எப்படிக் கெடுக்கும்? மாமியார்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். கிரகணத்தன்று நடை சாத்துவதும் முடிந்தபின் பரிகார பூஜை செய்வதும் ஆலய மரபு. அந்த மரபை ஒரு பெண்ணின் தலையில் பழியாகப் போடுவதற்கு எந்த ஆகமத்திலும் இடமில்லை.

இனி, குறைகளின் வகைக்கு வருகிறேன். பலவகை உண்டு. நம் குழுவிடம் வந்தவை பெரும்பாலும் மூன்று.

முதலாவது, நுனி மூட்டில் மடங்கியபடியே நின்றுவிடும் கட்டைவிரல். ஆங்கிலத்தில் டிரிகர் தம்ப் என்பார்கள். விரலை மடக்கும் தசைநாண் ஒரு கயிறு போன்றது. அது விரலடியில் ஒரு வளையத்துக்குள் புகுந்து ஓடுகிறது. அந்தக் கயிற்றில் ஓரிடம் முடிச்சுப்போல் தடித்துவிட்டால் வளையத்துக்குள் நுழைய முடியாமல் சிக்கிக்கொள்ளும். விரலடியில் ஒரு சிறு உருண்டையைத் தொட்டு உணரலாம். பெரும்பாலும் வலி இருக்காது. பிள்ளை எங்கோ விழுந்து விரலை ஒடித்துக்கொண்டது என்று பெற்றோர் நினைத்துக்கொள்வார்கள். இதை நெடுங்காலமாகப் பிறவிக் குறை என்றே எழுதிவந்தார்கள். ஆனால் 1996ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வில் 4,719 பச்சிளங் குழந்தைகளின் கைகளைச் சோதித்துப் பார்த்ததில் ஒன்றில்கூட இந்தக் குறை இல்லை. பிறந்த பிறகு, முதல் சில ஆண்டுகளில்தான் இது ஏற்படுகிறது. பிறப்பிலேயே இல்லாத ஒன்றுக்குக் கர்ப்ப காலத்தில் காரணம் தேடுவதை என்னவென்று சொல்வது!

இதற்கு எப்போதும் கத்தி தேவை என்பதில்லை. கொரியாவில் 2008ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், எந்தச் சிகிச்சையும் செய்யாமல் கவனித்துவந்த 71 கட்டைவிரல்களில் 45 தாமாகவே நிமிர்ந்துவிட்டன. ஆனால் அதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன. பாதிக் குழந்தைகளுக்கு நான்கு ஆண்டுகள் வரை. ஆகவே சில மருத்துவர்கள் காத்திருக்கச் சொல்வார்கள். விரல் அசையாமல் பூட்டிக்கொண்டது என்றால் சிலர் முன்னதாகவே அறுவை செய்வார்கள். இரண்டிலும் நியாயம் உண்டு. அறுவை என்பது விரலடியில் தோல் மடியும் கோட்டில் சிறிதாகக் கீறி, அந்த வளையத்தைத் திறந்துவிடுவதுதான். பெரியவர்களுக்கு மரக்கவைக்கும் ஊசி போட்டே இதைச் செய்துவிடலாம். குழந்தை அசையாமல் படுக்காது என்பதால் முழு மயக்கம் கொடுக்கிறார்கள். எண்ணெய் போட்டு நீவி, இழுத்து நிமிர்த்தும் பாட்டிமார் வைத்தியத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். சிக்கிய கயிற்றை வெடுக்கென்று இழுத்தால் முடிச்சு அவிழாது, பிள்ளைதான் அலறும்.

இரண்டாவது, இரட்டைக் கட்டைவிரல். நம்மவர்கள் ஆறாம் விரல் என்று சொல்லி, அதிர்ஷ்டம், வெட்டக்கூடாது என்பார்கள். என் வகுப்பிலும் ஒரு பையன் இருந்தான். அந்த அதிர்ஷ்டக் கையை அவன் எந்நேரமும் காற்சட்டைப் பைக்குள்ளேயே வைத்திருந்தான். தேசியகீதம் பாட வரிசையில் நேராக நிற்கும்போது மட்டும் வெளியே எடுப்பான்.

இன்னொரு கூட்டம் உண்டு. அதிர்ஷ்டமும் வேண்டாம், மருத்துவமனையும் வேண்டாம் என்று குழந்தையின் கூடுதல் விரலை நூலால் இறுக்கிக் கட்டிவிடுவார்கள். கட்டைவிரல் விஷயத்தில் இது பெரும் ஆபத்து. ஏனென்றால், இந்த இரண்டு விரல்களும் பெரும்பாலும் வெறும் தோலால் ஒட்டிக்கொண்டிருப்பவை அல்ல. ஒரே மூட்டைப் பங்குபோட்டுக்கொண்டிருப்பவை. வாசல் என்ற அமெரிக்க மருத்துவர் 1969இல் இவற்றை எலும்பு எங்கே பிரிகிறது என்பதைக் கொண்டு ஏழு வகையாகப் பிரித்தார். அதிகம் காணப்படுவது நான்காவது வகை. அதில் உள்ளங்கையோடு சேரும் மூட்டிலிருந்தே விரல் இரண்டாகக் கிளைத்துவிடும். வெளிப்பக்கத்து விரல்தான் வழக்கமாகச் சிறியதாக இருக்கும், அதைத்தான் எடுப்பார்கள். ஆனால் கட்டைவிரலை மற்ற விரல்களுக்கு எதிரே கொண்டுவரும் தசைகள் பல சமயம் அந்தச் சிறிய விரலில்தான் வந்து பொருந்தியிருக்கும். மூட்டை அந்தப் பக்கத்தில் தாங்கும் நாரும் அதில்தான் இருக்கும். வெறுமனே வெட்டி எறிந்தால் மீதி விரல் ஆடிக்கொண்டும் கோணிக்கொண்டும் போகும். அதனால் மருத்துவர் அந்தத் தசைகளையும் நாரையும் கவனமாகப் பிரித்தெடுத்து, நிலைக்கப்போகும் விரலில் சேர்த்துத் தைக்கிறார். அகன்றிருக்கும் எலும்பின் தலையைச் சீவிக் குறைக்கிறார். தேவையானால் ஒரு மெல்லிய கம்பியால் விரலைச் சில வாரங்கள் நேராக நிறுத்திவைக்கிறார். இரண்டு அரைகுறை விரல்களிலிருந்து ஒரு முழு விரலைச் செய்கிற வேலை இது. நல்ல தச்சன் உடைந்த இரண்டு நாற்காலிகளிலிருந்து ஒன்றைச் செய்வதை நான் பார்த்திருக்கிறேன்; அது ஞாபகத்துக்கு வருகிறது.

பெரும்பாலும் ஒரு வயதை ஒட்டி இதைச் செய்கிறார்கள். பிறந்தவுடன் என்றால் உறுப்புகள் மிகச் சிறியவை, மயக்க மருந்தின் அபாயமும் அதிகம். மிகவும் தள்ளிப்போட்டால் பிள்ளை குறைபட்ட விரலோடேயே பிடிக்கப் பழகிவிடும். அறுவை முடிந்த பின்னரும் வளர வளர விரல் கோணக்கூடும் என்பதால், பிள்ளை வளர்ந்து முடியும்வரை அவ்வப்போது காட்டிவர வேண்டும். இந்த ‘அவ்வப்போது’ என்ற சொல்லை நினைவில் வையுங்கள். பிறகு இதற்கு வருகிறேன்.

மூன்றாவது வகைதான் என்னை இந்த மேடைக்குக் கொண்டுவந்தது. கட்டைவிரல் சிறுத்துப்போய் இருப்பது, அல்லது இல்லவே இல்லாமல் இருப்பது. பிளவுத் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1967இல் இதை ஐந்து படிகளாக வகுத்தார். முதற்படியில் விரல் சற்று மெலிந்திருக்கும், அவ்வளவுதான். நான்காவதில் எலும்புத் தொடர்பே இல்லாமல் ஒரு தோல் காம்பில் விரல் தொங்கும். ஐந்தாவதில் ஒன்றும் இராது. இடைப்பட்ட படிகளில் அடிமூட்டு உறுதியாக இருந்தால், விரலிடைத் தோலை விரித்து, வேறொரு விரலின் தசைநாணைக் கொண்டுவந்து, இருக்கிற கட்டைவிரலையே வலுப்படுத்திவிடலாம். அடிமூட்டே இல்லையென்றால் என்ன செய்வது?

சுட்டுவிரலைக் கட்டைவிரலாக்குகிறார்கள்.

பெருமக்களே, இதை முதலில் கேட்டபோது எனக்கும் திகைப்பாகத்தான் இருந்தது. இந்த முறை வளர்ந்த கதை துயரமானது. ஜெர்மனியில் 1957 அக்டோபரில் தலிடோமைட் என்ற மருந்து விற்பனைக்கு வந்தது. தூக்கத்துக்கும் கர்ப்பிணிகளின் குமட்டலுக்கும் அதைத் தந்தார்கள். கையில்லாமலும் காலில்லாமலும் கட்டைவிரலில்லாமலும் ஆயிரக்கணக்கில் குழந்தைகள் பிறந்தன. ஹாம்பர்க் நகரத்துக் குழந்தை மருத்துவர் லென்ஸ் எச்சரித்த பிறகு, 1961 நவம்பரில் அந்த மருந்து அங்கே திரும்பப் பெறப்பட்டது. குழந்தைகளோ பிறந்துவிட்டன. அதே ஹாம்பர்க்கில் கை அறுவை மருத்துவராக இருந்த பக்-கிராம்கோ, சுட்டுவிரலை மாற்றும் முறையைச் செப்பனிட்டு, 100 அறுவைகளின் அனுபவத்தை 1971இல் எழுதி வெளியிட்டார். அவருக்கு முன்பும் சிலர் செய்ததுண்டு. ஆயினும் இன்றைக்கு உலகெங்கும் குழந்தைகளுக்குச் செய்யப்படும் முறை பெரிதும் அவர் வகுத்ததே. கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் கடையில் மாத்திரை வாங்கக்கூடாது என்று நாம் வாய் ஓயாமல் சொல்வதற்குப் பின்னால் இத்தனை குழந்தைகளின் கைகள் இருக்கின்றன.

அறுவையின் வழியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விரலைத் துண்டித்து ஒட்டுவது என்று நினைக்காதீர்கள். சுட்டுவிரலின் இரத்தக்குழாய்களும் நரம்புகளும் உடலோடு இணைந்தபடியே இருக்கும். கட்டைவிரலில் எலும்புகள் குறைவு அல்லவா? அதனால் உள்ளங்கைக்குள் இருக்கும் சுட்டுவிரலின் நீண்ட எலும்பில் நடுப்பகுதியை எடுத்துவிட்டு, அதன் தலையை மட்டும் புதிய அடிமூட்டாக அமைக்கிறார்கள். விரலைக் கீழிறக்கி, அதன் சதைப்பற்றான நுனி மற்ற விரல்களைப் பார்க்கும்படி திருப்பி நிறுத்துகிறார்கள். சுட்டுவிரலை நிமிர்த்த இயற்கையிலேயே இரண்டு தசைநாண்கள் உண்டு. ஒன்று புதிய கட்டைவிரலை நிமிர்த்தும். மற்றது அதை வெளியே விரிக்கும். இறைவன் சுட்டுவிரலுக்கு இரண்டு கயிறுகள் கொடுத்ததன் காரணம் இதுதானோ என்று எனக்குத் தோன்றியதுண்டு. மருத்துவர்கள் சிரிப்பார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குடும்பம் நம் அலுவலகத்துக்கு வந்தது. தோட்டப்புறத்துக் குடும்பம். தகப்பனார் லோரி ஓட்டுகிறவர். பாட்டி, பேத்திக்காகப் பரிகார பூஜை ஒன்றுக்குச் சீட்டு வாங்க வந்திருந்தார். குழந்தைக்கு அப்போது பத்து மாதம். இடக் கையில் துணி சுற்றி வைத்திருந்தார்கள். பிரித்துப் பார்த்தால், கட்டைவிரல் ஒரு பாசிமணி போலத் தொங்கிக்கொண்டிருந்தது. பூஜைக்குச் சீட்டு எழுதிக்கொடுத்தோம். கூடவே தலைநகரத்து மருத்துவமனைக்குப் போக வேனும் ஏற்பாடு செய்தோம்.

மருத்துவர் முதலில் கையைப் பற்றிப் பேசவில்லை. இருதயத்தையும் சிறுநீரகத்தையும் ஸ்கேன் பார்க்கச் சொன்னார், இரத்தச் சோதனைக்கு எழுதினார். கைக்கும் இருதயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தகப்பனாருக்குக் கோபம். சம்பந்தம் உண்டு. கை உருவாகும் அதே வாரங்களில்தான் இருதயமும் பிற உறுப்புகளும் உருவாகின்றன. கட்டைவிரல் இல்லாத குழந்தைகள் சிலருக்கு இருதயத்தில் துவாரம் இருக்கும். இன்னும் சிலருக்கு ஃபான்கோனி இரத்தசோகை என்ற நோய் மறைந்திருக்கும். அந்த நோயில் எலும்பு மஜ்ஜை இரத்தம் உற்பத்தி செய்வதை மெல்ல மெல்ல நிறுத்திவிடும். ஆனால் அது பெரும்பாலும் பள்ளி செல்லும் வயதில்தான் வெளியே தெரியும். கட்டைவிரலோ பிறந்த அன்றே அடையாளம் காட்டிவிடுகிறது. தாய் தகப்பன் இருவரிடமும் ஒளிந்திருக்கும் குறை பிள்ளையில் ஒன்று சேர்ந்தால் பொதுவாக இந்த நோய் வரும். மாமன் மகள், அத்தை மகன் என்று நெருங்கிய சொந்தத்தில் மணம் முடிக்கும் குடும்பங்கள் இதை நினைவில் கொள்வது நல்லது. நான் யாருடைய சம்பந்தத்தையும் கலைக்க வரவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லி வைக்கிறேன்.

நல்ல வேளையாக அந்தக் குழந்தைக்கு வேறு குறை ஒன்றும் இல்லை. அறுவை பற்றி மருத்துவர் விளக்கினார். அதன் பிறகுதான் உண்மையான போராட்டம். அந்தத் தாய் தன் விரல்களை மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: “ஐயா, இருக்கிற தொங்கல் விரலையும் எடுத்துருவாங்க. சுட்டுவிரலும் கட்டைவிரலாப் போயிரும். அப்புறமும் நாலு விரல்தானே இருக்கும்?”

நியாயமான கேள்வி. நாலுதான் இருக்கும். தொங்குகிற விரலைச் சேர்த்து எண்ணினால் ஐந்து வரும், ஆனால் அந்தக் கையால் ஒரு கடலையைக்கூடப் பொறுக்க முடியாது. மாற்றிய பிறகு நாலு விரல், ஆனால் அதில் ஒன்று கட்டைவிரல். பாட்டி ஒப்பவில்லை. “சாமி கொடுத்த விரலை வெட்டறதா வாத்தியாரே?” என்றார். நான் விவாதம் செய்யவில்லை. குழந்தையை அவர் மடியிலேயே உட்காரவைத்து, முன்னால் பொட்டுக்கடலையைப் போட்டோம். வலக் கை நேராகப் போய் எடுத்தது. இடக் கை என்ன செய்தது தெரியுமா? சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் கத்தரிக்கோல் போல இடுக்கி எடுக்கப் பார்த்தது. கட்டைவிரல் இல்லாத குழந்தைகள் இப்படித்தான் தாமாகவே பழகுகின்றன. தன் வேலை எதுவென்று அந்தச் சுட்டுவிரலுக்கே தெரிந்திருந்தது. பாட்டி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அறுவைக்குக் குறித்த முதல் நாள் நடக்கவில்லை. மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் குழந்தை வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும். வயிற்றில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போய்விட்டால் உயிருக்கே ஆபத்து. குழந்தை அழுகிறதே என்று விடியற்காலையில் யாரோ பிஸ்கட்டைப் பாலில் நனைத்து ஊட்டிவிட்டார்கள். யார் என்று நான் விசாரிக்கவில்லை. பாட்டியின் முகத்தையும் பார்க்கவில்லை. இரண்டாம் முறை சளி. மூன்றாம் முறை நம் மகளிர் பகுதிச் சகோதரி ஒருவர் முதல் நாள் இரவே உடன் தங்கினார். குழந்தைக்கு ஒன்றரை வயதானபோது அறுவை முடிந்தது.

கட்டுப் பிரித்த பிறகு சில வாரங்கள் அந்தக் குழந்தை புதிய விரலைத் தொடவே விடவில்லை. கைப் பயிற்சி அளிப்பவர்கள் விளையாட்டுச் சாமான்களைக் கொடுத்துக் கொடுத்துப் பழக்கினார்கள். வலக் கைக்கு உறை மாட்டிவிட்டு இடக் கையால் மட்டும் விளையாடவிட்டார்கள். பிறகு ஒருநாள் எடுத்தது. இப்போது அவள் தமிழ்ப்பள்ளியில் படிக்கிறாள். இடக் கையில் வாழைப்பழத்தைப் பிடித்துக்கொண்டு வலக் கையால் தோலுரிக்கிறாள். அந்தக் கட்டைவிரல் சற்று நீளமாகவும் மெலிந்தும் இருக்கிறது, வலக் கையின் பலம் அதற்கு வராது. முன்கை எலும்பும் வளைந்து, சுட்டுவிரல் விறைத்திருக்கும் குழந்தைகளுக்கு இந்த அளவு பலனும் கிடைப்பதில்லை. அதையும் மருத்துவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள்.

இப்போது ‘அவ்வப்போது’ என்ற சொல்லுக்கு வருகிறேன். அரசாங்க மருத்துவமனையில் குடிமக்கள் கட்டும் கட்டணம் சொற்பமே. அப்படியிருக்க நம் நிதி எதற்கு என்று ஒரு நன்கொடையாளர் என்னிடம் கேட்டார். கணக்குப் புத்தகத்தைக் காட்டினேன். அந்தக் குடும்பம் எத்தனை முறை தலைநகரம் போய்வந்தது! ஒவ்வொரு முறையும் தகப்பனாருக்கு ஒரு நாள் சம்பளம் போகும். வேனுக்கு எண்ணெய், நெடுஞ்சாலை டோல், மூத்த பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள், கைக்கு அச்சுப்போல் செய்யும் பிளாஸ்டிக் தாங்கி. பிள்ளை வளர வளர அந்தத் தாங்கியையும் மாற்ற வேண்டும். அறுவை நாளுக்கு நன்கொடை கொடுக்கப் பலர் முன்வருகிறார்கள். அன்றைக்குப் படம் எடுக்கலாம். பதினான்காவது முறை வேனுக்கு எண்ணெய் போடுவதற்கு யாரும் பெயர் எழுதுவதில்லை. ஆனால் பாதியில் நின்றுபோகிற குடும்பங்கள் அந்தப் பதினான்காவது முறையில்தான் நின்றுபோகின்றன.

ஆகவே செயலவையின் ஒப்புதலோடு, குழந்தைகளின் கைச் சிகிச்சைக்கான தொகையை இனி ஒரே நாளுக்கு என்று கொடுக்காமல், ஒரு குழந்தைக்கு இத்தனை ஆண்டு என்று ஒதுக்கிவைக்கப் போகிறோம். மாதந்தோறும் சிறு தொகையாகத் தர விரும்புவோர் பொருளாளரிடம் பாரம் பெற்றுக்கொள்ளலாம். வேன் ஓட்டும் உரிமம் உள்ளவர்கள் மூவர் தேவைப்படுகிறார்கள். முதல் நாள் இரவு மருத்துவமனையில் தங்கக்கூடிய, மலாயில் தாதியரிடம் தயங்காமல் பேசக்கூடிய சகோதரிகள் நால்வர் தேவை. உங்கள் வீட்டிலோ அண்டை அயலிலோ கைக்குறையுள்ள குழந்தை இருந்தால், தடுப்பூசி போடக் கிளினிக்குக்குப் போகும்போதே தாதியிடம் கையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். நம் குழு ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு, மாலைப் பூஜைக்குப் பிறகு மண்டபத்தின் பின்னறையில் கூடுகிறது. குழந்தையின் சுகாதாரப் புத்தகத்தையும் பிறப்புப் பத்திரத்தையும் கையோடு கொண்டுவந்தால் அன்றே பதிவு செய்துவிடுவோம்.